காவற் கண்ணைத் தேர்தலும் பேணலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இம் மேடையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தனாய் அமர்ந்தவன் என்ன பேசுவது என்று தயங்கினேன். நம் குடும்பங்களுக்குப் பயன்படும் ஒன்றைப் பேசினால் போதும் என்றார் செயலாளர். ஆகவே, இன்று வீட்டு வாயில்தோறும் காணப்படும் காவற் காமிராவைப் பற்றி, சிறப்பாக அதன் கண்ணாகிய லென்சைப் பற்றி, நான் அறிந்த சிலவற்றைக் கூற முற்படுகிறேன்.

தில்லியில் வாழும் நமக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மே, ஜூன் திங்களில் பிள்ளைகளுக்கு விடுமுறை. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் புறப்படுகிறோம். அத் திங்களில்தான் இங்குப் புழுதிக் காற்றும் வீசுகிறது. சென்ற கோடையில் நம் குடியிருப்பில் அவ்வாறு பூட்டியிருந்த வீடொன்று உடைக்கப்பட்டது. வாயிலில் காமிரா இருந்தது; படமும் பதிவாகியிருந்தது. ஆயினும், ஒருவன் வந்தான், சென்றான் என்பதற்குமேல் ஒன்றும் விளங்கவில்லை. முகம் தெரிய வேண்டிய இடத்தில் வெண்புகை போன்ற ஒரு மங்கலே தெரிந்தது. மகளின் திருமணத்திற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த நகை போயிற்று, இன்னும் மீளவில்லை. காமிரா இருப்பது வேறு, அது காண்பது வேறு என்பதை அன்று அனைவரும் உணர்ந்தோம்.

வீட்டுக் காமிரா பிறந்த வரலாறே நமக்கு ஒரு பாடம். நியூயார்க்கு நகரில் மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்னும் செவிலியர் இருந்தார். அவரும் அவர் கணவரும் வேளை கெட்ட வேளையில் பணிக்குச் சென்று வருபவர்கள். இரவுப் பணியும் பகற்பணியும் மாறி மாறிப் பார்க்கும் இருப்புப்பாதைக் குடும்பங்களுக்கு இந் நிலை நன்கு விளங்கும். கதவைத் தட்டுபவர் யார் என்று உள்ளிருந்தே காண்பதற்காக, 1966இல் இருவரும் ஓர் அமைப்பை உருவாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1969இல் அது கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள்; அவற்றின் வழியே காமிரா பார்க்கும். தெரு முழுவதையும் காண அவர்கள் விரும்பவில்லை. வாயிலில் நிற்பவர் முகத்தைக் காணவே விரும்பினர். எதைக் காண வேண்டும் என்று முதலில் முடிவு செய்வதே லென்சைத் தேர்ந்தெடுக்கும் முறையாகும்.

லென்சின்மீது 2.8, 4, 6 என்று மில்லிமீட்டர்க் கணக்கு இருக்கும். இது குவியத் தூரம். எண் சிறிதாயின் பார்வை அகலும். ஆனால் பொருள்கள் சிறுத்துத் தோன்றும். எண் பெரிதாயின் பார்வை குறுகும். தொலைவில் உள்ளது அண்மையில் தோன்றும். வீட்டுக் காமிராக்களில் 2.8 ஏறத்தாழ 100 பாகை அகலம் காணும். 4 ஏறத்தாழ 80. 6 ஏறத்தாழ 50. கடைக்காரர் "எல்லாம் தெரியும்" என்று 2.8ஐயே எடுத்துத் தருவார். எல்லாம் தெரியும் என்பது மெய்; எதுவும் தெளியாது என்பதும் மெய்.

இதற்குக் கணக்கு உண்டு. முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை ஐயமற அடையாளம் காணப் படத்தில் ஒரு மீட்டர் அகலத்திற்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது அனைத்துலக நெறி. ஆள் ஒருவர் உள்ளார் என்று அறிய 25 போதும். இரண்டு மெகாபிக்சல் காமிராவில் குறுக்காக 1920 புள்ளிகள் உள்ளன. ஆகவே ஏழரை மீட்டர் அகலத்திற்குமேல் காட்சி விரிந்தால் முகம் தெளியாது. இதன்படி நல்ல வெளிச்சத்தில் 2.8க்கு மூன்று மீட்டர், 4க்கு நாலரை மீட்டர், 6க்கு எட்டு மீட்டர் தொலைவே எல்லை. வாயிற்படிக்கு 2.8 போதும், எட்டு மீட்டருக்கு அப்பால் உள்ள வெளிக்கதவுக்கு அது போதாது.

அடுத்து எஃப் என்னும் எண். இது சிறிதாயின் ஒளி மிகுதியாகப் புகும், எஃப் 1.4, எஃப் 2ஐப் போல் இருமடங்கு ஒளி தரும். இரவில் அகச்சிவப்பு ஒளியால் காணும் காமிராவுக்கு, அவ்வொளிக்கும் ஏற்றவாறு திருத்திய லென்சே வேண்டும்; இல்லையேல் பகலில் கூர்மையாகவும் இரவில் மங்கலாகவும் தோன்றும்.

அகன்ற லென்சு அண்டை வீட்டுத் தாழ்வாரத்தையும் சன்னலையும் சேர்த்துக் காணும் என்பதையும் மறவாதீர்கள். தனிமறைவு அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் வாயிலைக் காக்கப் பிறர் முற்றத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இனிப் பேணும் முறை. புழுதி படிந்த லென்சைத் துண்டாலோ சட்டை முனையாலோ துடைக்காதீர்கள். மணல் துகள் கீறிவிடும். முதலில் இரப்பர் ஊதியால் ஊதுக. பின்னர் மென்தூரிகையால் தட்டுக. அதன்பின் மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை லென்சு நீரில் சிறிது நனைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமிட்டுத் துடைக்குக. நீரை லென்சின்மேல் நேரே தெளிக்கலாகாது. கவிந்த கூடு பிளாஸ்டிக்காலானது. தின்னரும் பெட்ரோலும் அதைக் கெடுத்துவிடும். கூட்டின்மேல் தூசி இருப்பின், இரவில் அகச்சிவப்பு ஒளி அதிற்பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கச் செய்யும். சிலந்தி வலையும் அத்தகையதே. நான் முன்னர்ச் சொன்ன வெண்புகை இதனால் வந்ததே. மழைக்காலத்தில் கூட்டினுள் நீராவி படிந்தால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தை உள்ளே இட்டு இறுக மூடலாம்.

ஊருக்குப் புறப்படுமுன் ஒருநாள் இரவில் வீட்டார் ஒருவரை வாயிலில் நிற்கச் செய்து படத்தைப் பாருங்கள். முகம் தெரிந்தால் புறப்படலாம்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கோடையில் இங்கேயே இருப்போர், ஊருக்குச் சென்றோர் வீட்டு லென்சுகளைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை துடைத்துத் தர ஏற்பாடு செய்யலாம். இளைஞர்கள் ஐவர் முன்வந்தால் போதும். ஊதியும் தூரிகையும் நான் வாங்கித் தருகிறேன். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!