நடுக்கடலில் நிற்றல்



திருகோணமலைத் துறைமுகத்தைப் புகழ்வோர் யாவரும் அதன் உள்ளே நிலவும் அமைதியையே புகழ்வர். 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துத் துறையிற் புயலில் அகப்பட்டுப் பெரிய பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதுமரம் நாட்ட நாடி வந்ததும் இத்துறையை அடுத்த கொட்டியாரக் குடாவையே. அக்கப்பலில் வந்த றொபேட் நொக்ஸ், கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்டு 19 ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டிற் சிறையிருந்தது தனிக்கதை. நான் இன்று பேச வந்ததோ துறைக்குள் உள்ள அமைதியைப் பற்றியன்று. துறைக்கு வெளியே, இருளிலும் காற்றிலும், ஒரு சிறு பாய்ப்படகு தனக்கெனத் தானே ஆக்கிக்கொள்ளும் அமைதியைப் பற்றியே.

மார்கழி மாதத்து மாலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். பல நாட் பயணத்தால் களைத்த இருவர் ஒரு பாய்ப்படகில் வங்கக் கடலைக் கடந்து வருகின்றனர். வாடைக்காற்று வலுக்கிறது; மழை திரையிடுகிறது; பொழுதோ சாய்கிறது. எப்படியேனும் துறைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்றே மனம் துடிக்கும். ஆனால் அக்காற்று படகைக் கரையை நோக்கியே தள்ளும் காற்று. கோணேசர் மலையைக் கடந்து, கொட்டியாரக் குடாவுக்குள் வந்து, பின் வடக்கே திரும்பித் துறைவாயிலுட் புக வேண்டும். இருளில் ஒரு திருப்பம் பிழைத்தாற் பாறைதான்.

வெளியே நங்கூரமிட்டு நிற்கலாகாதோ எனின், அதுவும் எளிதன்று. கடலின் அடியில் ஓர் ஆழ்பள்ளத்தாக்கு இக்குடாவுக்குள்ளேயே வந்து புகுகின்றது. கரை கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் நங்கூரக் கயிறு அடியைத் தொடாது. ஆகவே எஞ்சியுள்ள வழி, பாய்களைக் கொண்டே கடலில் நிற்பதாகும்.

காற்று பாயைத் தள்ளும். பாய் படகைத் தள்ளும். பின் நிற்பது எங்ஙனம்? இரு விசைகளை ஒன்றோடொன்று மோதவிடுவதே அதன் சூட்சுமம். முதலிற் பெரிய பாயைக் காற்றின் வலுவுக்கேற்பச் சுருக்கிக் கட்டுவர். முன்பாயின் கயிற்றை அவிழ்க்காமலே, படகின் முன்முனையாகிய அணியத்தைக் காற்றினூடே மறுபக்கம் திருப்புவர். அப்போது முன்பாய் காற்றடிக்கும் பக்கத்திலேயே பின்னோக்கிப் புடைத்து நின்று, அணியத்தைக் காற்றினின்றும் விலக்க முயலும். உடனே சுக்கான் பிடியைக் காற்றுக்கு மறைவான பக்கம் தள்ளிக் கட்டிவிடுவர். சுக்கானும் பெரிய பாயும் அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்ப முயலும். ஒன்று விலக்க, ஒன்று திருப்ப, படகு இரண்டுக்கும் இணங்கி, அலைக்குச் சாய்வாக முகங்காட்டி ஓய்ந்துவிடும்.

ஓய்ந்த படகு மெல்லப் பக்கவாட்டில் ஒதுங்கும். ஒதுங்கும்போது காற்றுப் பக்கத்தில் எண்ணெய் தடவினாற்போன்ற சுழிநீர்ப் பரப்பொன்றை விட்டுச் செல்லும். சீறிவரும் அலை அங்கே பெரும்பாலும் தலை தாழும். படகு முன்னே ஓடி அப்பரப்பைவிட்டு வெளியேறினால் அக்காப்புப் போய்விடும். பெரிய பாயின் கயிற்றை நெகிழ்த்தி ஓட்டத்தை அடக்க வேண்டும். நீண்ட அடிக்கட்டை உடைய பழைய படகுகள் எளிதில் இணங்கும். குறுகிய அடிக்கட்டை உடையன முரண்டு பிடிக்கும். எனவே நல்ல வெயில் நாளிலேயே இதனைப் பழகிக்கொள்வது அறிவுடைமை.

நேயர்களே, எந்நிலையிலும் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நிற்கும் படகு உண்மையில் நிற்பதில்லை. மணிக்கு 1 முதல் 2 கடல் மைல் வரை அது ஒதுங்கலாம். 12 மணி நேர இரவில் அது 24 கடல் மைல் ஆகக்கூடும். ஆகையாற் கரையிலிருந்து 30 கடல் மைலுக்கு அப்பாலேயே நின்றுவிட வேண்டும். கரைவிளக்கைக் கண்ட பிறகு நிற்க நினைப்பது காலங்கடந்த நினைப்பாகும். அப்பருவத்தில் நீரோட்டமும் கீழ்க்கரை வழியே தெற்கே இழுக்குமாதலால், துறைக்கு வடகிழக்கில் நிற்பதே நன்று. காற்றை இடப்புறம் கொண்டு, அணியம் திறந்த கடலை நோக்கும்படி நிற்க வேண்டும்.

புயலாயின் கணக்கு மாறும். நம் வட அரைக்கோளத்திற் காற்றை நோக்கி நின்றால், புயலின் நடு வலக்கைப் பக்கம் சற்றுப் பின்னே இருக்கும். படகு நிற்கையில், காற்று கடிகார முள்ளைப்போல் வலஞ்சுழியாகத் திரும்பினால், அது புயலின் கொடிய பாதி. அங்கே காற்றை வலப்புறம் கொண்டே நிற்க வேண்டும். 1964 டிசம்பரில் இலங்கையின் வடக்கைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலையும் அறிந்த நமக்கு இது ஏட்டுக் கணக்கன்று. அத்தகைய புயலின் பேரலைகள் உடைந்து விழும்போது இம்முறை மட்டும் போதாது என்பதையும் மறைத்தலாகாது. வானிலை எச்சரிக்கையைக் கேட்டு, முன்கூட்டியே விலகுவதே முதற்காப்பு.

இவ்வாறு நின்ற படகில் ஒருவர் விழித்திருந்து, விளக்கேற்றிப் பிற கப்பல்களைக் கவனிக்க, மற்றவர் கஞ்சி காய்ச்சிக் குடித்து உறங்கலாம். விடிந்ததும் கோணேசர் மலை தெளிவாகத் தோன்றும். பாயை மாற்றிக் கட்டி, வழியைக் கண்ணாற் கண்டு துறையுட் புகலாம். ஓர் இரவு தாமதம், அவ்வளவே. அத்தாமதத்தைத் தாங்கும் பொறுமை இல்லாமையாலன்றோ, நெடுங்கடலைக் கடந்த கலங்களும் துறைவாயிலில் உடைகின்றன!