வலைக்குள் ஒரு கண்



ஆலைத் தோழர்களும் வயல் தோழர்களும் கூடியுள்ள செங்கல்பட்டில் மீன்வலையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கூலி வாங்கிய அன்று நம் அடுப்பில் கொதிக்கிற மீன் கடலில் எந்த வயதில் பிடிபட்டது என்பதுதான் பேச்சு.

விசைப்படகு பை போன்ற இழுவலையைக் கடலடித் தரையோடு மணிக்கணக்கில் இழுக்கிறது. பெரிசும் சிறிசும் கடைசி மடியில் போய் அடைகின்றன. தளத்தில் கொட்டிய பிறகே உள்ளே இருந்தது தெரிகிறது. அதற்குள் குஞ்சுகள் செத்துவிடுகின்றன. இறாலுக்கு இழுத்த வலையில் வந்த சங்கராக் குஞ்சு கோழித் தீவனமாகிறது! மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கரைக்கு வந்து அளவெடுக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அளப்பது செத்த மீனை.

உயிருள்ள மீனையே வலைக்குள் அளக்க வழி வந்திருக்கிறது. அமெரிக்க சர்க்காரின் விஞ்ஞானிகள் 2010 வாக்கில் அலாஸ்கா கடலில் இழுவலைக்குள் இரட்டைக் காமிரா வைத்தார்கள். நார்வேயிலும் செய்தார்கள். 1952 ஒப்பந்தத்தின்படி கேரளத்து நீண்டகரைக்கு விசைப்படகைக் கொண்டுவந்த அதே நார்வேதான்!

ஏன் இரண்டு காமிரா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், தூரம் பிடிபடாது. இரு காமிராக்களுக்கும் உள்ள இடைவெளி தெரியும். இரண்டு படத்திலும் மீன் நிற்கும் இடத்தை ஒப்பிட்டால் தூரமும் நீளமும் கணக்கில் வந்துவிடும். இன்ன மீன் என்று படத்தைப் பார்த்துச் சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். மடியைத் திறந்து வைத்தால் மீன் அளவைக் கொடுத்துவிட்டு வெளியே நீந்திப் போய்விடும்.

நம் கடலில் ஒரு சங்கடம் உண்டு. தரையைக் கீறும் வலை சேற்றைக் கிளப்பும். கலங்கிய நீரில் காமிராவுக்குக் கண் தெரியாது.

அதைவிடப் பெரிய கேள்வி, படம் யார் கையில் என்பது. கட்டுமரக்காரர்கள் போராடிய பிறகு வந்த 1983-ஆம் ஆண்டுச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் இழுவலை கூடாது என்கிறது. கோவளத்திலும் கொக்கிலமேட்டிலும் மணலில் படகை இழுத்து ஏற்றுகிறவர்களுக்கு அந்த 3 மைல்தான் வயல். காமிரா படகு முதலாளியிடம் மட்டும் இருந்தால், இறால் எங்கே குவிந்திருக்கிறது என்று காட்டும் வேட்டைக் கண்ணாகிவிடும். அந்த அளவுகள் மீனவர் சங்கங்களுக்கும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. படகில் வேலை செய்கிறவருக்குப் பிடித்த மீனில் பங்குதான் கூலி. குஞ்சை விட்டுவிட்டால் அன்றைய பங்கு குறையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு நிவாரணம் தருகிற சர்க்கார், இந்த நஷ்டத்தையும் கணக்கில் எடுக்கட்டும். காமிராவுக்குப் பணம் ஒதுக்கும் அன்றே இதற்கும் ஒதுக்கட்டும்.