பெயரழிந்த வால்வும் பெயரறியாக் கவிதையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நானோ ஒரு வானொலிப் பழுதுபார்ப்புக் கடையிலிருந்து பேச்சைத் தொடங்கப் போகிறேன். தமிழாசிரியைக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் கடையில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு அது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு வால்வு ரேடியோ நினைவிருக்கும். பொத்தானைத் திருகியவுடன் அது பாடிவிடாது. உள்ளே இழை சூடேற வேண்டும். பச்சைக் கண் மெல்ல ஒளிரும். அதன் பிறகே இலங்கை வானொலி நம் வீட்டுக்குள் வரும். 1906-ஆம் ஆண்டில் லீ டி ஃபாரஸ்ட் என்னும் அமெரிக்கர் ஆக்கிய மும்முனை வால்வே அந்த இசைக்கெல்லாம் தாய். நமக்கு அண்டை நகரான பெங்களூரில் 1954-இல் தொடங்கப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961 முதல் வானொலி வால்வுகளையும் செய்தது. 1947-இல் பிறந்த டிரான்சிஸ்டர் பின்னர் அந்த வால்வுகளுக்கு விடை கொடுத்துவிட்டது. ஆயினும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பழைய வால்வைத் தேடி அலைவோர் இன்றும் இருக்கின்றனர்.

அப்படிப்பட்டவர்களுள் ஒருவர் நம் கடைவீதியில் இருக்கிறார். முதியவர். இசைத்தட்டுக் கருவிக்காக ஒரு முன்பெருக்கியைத் தம் கையாலேயே கட்டி வைத்திருக்கிறார். தட்டின் மேல் ஓடும் ஊசி தருவது சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் மட்டுமே. அந்த முணுமுணுப்பை ஒலிபெருக்கி ஏற்கும் அளவுக்கு உயர்த்தித் தருவது முன்பெருக்கியின் வேலை. ஒலி மிக நுண்ணியதாக இருக்கும் நிலையிலேயே இந்த வால்வு அதைத் தொடுவதால், அதன் குணமும் குறையும் பின்னால் வரும் எல்லாவற்றிலும் பெருகித் தெரியும். ஆகவே இசைப் பித்தர்கள் ஒரு வால்வைக் கழற்றி, அதே சாக்கெட்டில் வேறொன்றைப் பொருத்தி, ஓசை இனிதாகிறதா என்று கேட்டுப் பார்ப்பார்கள்.

அந்த வால்வின் பெயர் ஈ.சி.சி. 83. இலக்கணம் படித்த எனக்கு அந்தப் பெயரே வியப்பளித்தது. 'ஈ' என்றால் இழைக்கு 6.3 வோல்ட். 'சி' என்றால் மும்முனை வால்வு. 'சி' இருமுறை வருவதால் ஒரு கண்ணாடிக்குள் இரண்டு மும்முனை வால்வுகள். 8 என்பது ஒன்பது கால் கொண்ட அடிப்பகுதியைக் குறிக்கும். அதுவரை காரணப்பெயர், இறுதியில் நிற்கும் 3 மட்டும் இடுகுறி! அமெரிக்கர் இதையே 12ஏ.எக்ஸ்.7 என்பர்.

இதற்கு 81, 82 என்று உடன்பிறப்புகள் உண்டு. மூன்றும் அதே சாக்கெட்டில் அமரும். ஆனால் 83-இன் பெருக்கத் திறன் 100, 81-க்கு 60, 82-க்கு 20-க்கும் குறைவு. உண்ணும் மின்னோட்டத்திலும் வேறுபாடு பெரிது. 250 வோல்ட் கொடுத்தால் 83 ஏறத்தாழ ஒரு மில்லியாம்பியரோடு நிறைவு கொள்ளும். 82 பத்து கேட்கும். எனவே ஒன்றுக்காகக் கட்டிய மின்சுற்றில் மற்றொன்றை வைத்தால் சுற்றின் நிலைப்பே மாறிவிடுகிறது. ஈ.சி.சி. 88-க்கும் கால் ஒன்பதுதான்; ஆனால் அதன் ஒன்பதாம் காலின் பணியே வேறு. அதை அங்கே செருகவே கூடாது.

கவிஞர்களே, இது நமக்குப் புதிய செய்தியா? காடு, கானம் என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் ஒன்று. இரண்டும் தேமா. இரண்டுக்கும் மோனை ஒன்றே. ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்தால் அடி இடறாது. ஆயினும் காட்டில் வல்லின டகரம் ஒலிக்கிறது. கானத்தில் மெல்லினம் இழைகிறது. போதாதற்குக் கானம் என்பதில் இசை என்னும் பொருளும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அடுத்து 'எங்கும்' என்ற சொல் வரட்டும். 'காடெங்கும்' தேமாங்காய், 'கானமெங்கும்' கூவிளங்காய். மாற்றியது ஒரு சொல். மாறியது சீரின் நடை. சாக்கெட்டில் பொருந்துவது வேறு, ஓசையில் பொருந்துவது வேறு என்பதை யாப்பறிந்தோர் அறிவர்.

இதுவரை சொன்னது எளிய பாடம். கடினமான பாடம் இனித்தான் வருகிறது.

ஒரு நாள் அந்தப் பெரியவர் பிஸ்கட் டப்பாவிலிருந்து மூன்று ஈ.சி.சி. 83 வால்வுகளை எடுத்து வைத்தார். ஒன்று ஜெர்மன் நாட்டுப் பொருள். ஒன்று இங்கிலாந்துப் பொருள். மூன்றாவதில் எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. கருவியை நிறுத்தி, சூடு தணியக் காத்திருந்து, ஒவ்வொன்றாக மாற்றினார். நிறுத்திய பின்னும் கருவிக்குள் உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும் என்பதால் என்னை அருகே விடவில்லை. ஒரே இசைத்தட்டு, ஒரே நாகசுரம். பெயரைச் சொல்லிச் சொல்லியே போட்டார். ஜெர்மன் வால்வில் தெளிவு மிகுதி என்றேன். இங்கிலாந்து வால்வில் கனிவு மிகுதி என்றேன். பெயரழிந்ததைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி அமரச் சொன்னார். ஆறு முறை வால்வைக் கழற்றி மாட்டினார். நான் ஒவ்வொரு முறையும் தாளில் கருத்தெழுதினேன். முடிவில் அவர் தம் குறிப்பைக் காட்டினார். இருமுறை அவர் வால்வை மாற்றவே இல்லை. கழற்றியதையே திரும்ப மாட்டியிருந்தார். அவ்விரு முறையும் நான் "இனிமை கூடியது" என்று எழுதியிருந்தேன்! "டீச்சரம்மா, நீங்க காதால கேக்கலை, பேரால கேட்டீங்க" என்றார்.

ஆனால் என் செவி முற்றிலும் பொய்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வால்வு வரும்போதெல்லாம் மெல்லிய இரைச்சல் இருப்பதாகத் தவறாமல் குறித்திருந்தேன். அது ஜெர்மன் வால்வு. பெயரைச் சொன்னபோது அந்த இரைச்சல் எனக்குக் கேட்கவே இல்லை. மிக அமைதியாக ஒலித்தது பெயரழிந்த வால்வு. பென்சிலால் மெல்லத் தட்டிக் காட்டினார். மற்ற இரண்டும் ஒலிபெருக்கியில் மணிபோல் அதிர்ந்தன, இது அதிரவில்லை. வால்வுகளுக்குள் வேறுபாடு உண்டு, ஐயமில்லை. அந்த வேறுபாட்டைப் பெயர் மறைத்துவிடுகிறது என்பதே நான் அன்று கண்ட உண்மை.

மற்றொன்றும் சொன்னார். சிறிதளவு உரத்து ஒலிப்பது நம் செவிக்கு இனிதாகவே தோன்றும். ஆகையால் இரண்டின் ஒலியளவையும் சமன் செய்யாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நம் கவியரங்க மேடைகளை எண்ணிப் பார்த்தேன். ஒலிவாங்கியை ஆளத் தெரிந்த குரலுக்கு எத்தனை கைதட்டல்! தாளை நடுங்கும் கையில் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் படித்தவர்களின் நல்ல வரிகள் எத்தனை நம் செவியில் விழாமலே போயினவோ!

இந்த அவையில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிதைப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். தாள்களில் பெயரும் முகவரியும் இருந்தன. முன்பே நூல் வெளியிட்ட ஒருவருக்கு முதலிடம் தந்தேன். ஒசூர்த் தொழிற்பேட்டையில் இரவுப் பணி பார்த்துவந்த ஓர் இளைஞரின் கவிதையை ஒதுக்கி வைத்தேன். வானொலிக் கடையிலிருந்து திரும்பிய அன்றிரவு, பிரதிகளைத் தேடியெடுத்து, பெயர்களை மறைத்துப் படித்தேன். முதலிடக் கவிதையில் நான் முன்பு கேளாத இரைச்சல் இருந்தது. இளைஞரின் கவிதையில் வேண்டாத சொல் ஒன்றுகூட இல்லை. அவரைப் பற்றி விசாரித்தேன். எழுதுவதை விட்டுவிட்டார் என்றார்கள். நான் காரணமா, அறியேன்; நானும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அவரிடம் இந்த மேடையிலிருந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

நம் முன்னோர் இதில் நம்மினும் பெரியவர்கள். குறுந்தொகையில் 40-ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை; பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்றோம். அடுத்த பாட்டின் ஆசிரியர் அணிலாடு முன்றிலார். மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று வரிசை நீளும். பெயர் கிடைக்கவில்லை என்று அப்பாடல்களை அவர்கள் தள்ளிவிடவில்லை. பாட்டு நன்றாக இருந்தது, பாட்டே பாடியவர்க்குப் பெயரைத் தந்தது. எழுத்தழிந்த வால்வு பாடியதும் இப்படித்தான்.

ஆகவே ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அடுத்த ஆண்டு முதல், நம் மாதக் கூட்டத்தில் கவிதைகளைப் பெயரின்றிப் பெறுவோம். எல்லாவற்றையும் ஒரே குரல், ஒரே அளவில் படிக்கட்டும். குறை நிறைகளைப் பேசி முடித்த பிறகு பெயரை அறிவிப்போம். மூத்த கவிஞர்களுக்கு இது சற்றே வருத்தம் தரலாம். அவர்களுடைய கவிதைக்குப் பெயரின் துணை வேண்டியதில்லை என்று நம்பியே இதைக் கேட்கிறேன். இரவுப் பணி முடித்துத் தாளோடு வந்து கடைசி வரிசையில் அமரும் ஓர் இளைஞருக்கு அது நம் அவை செய்யும் நீதியாகவும் அமையும்.