கட்டிய பிறகே ஏற்றினான்

(எங்கள் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



அவசர சிகிச்சைப் பட்டப்படிப்பு மாணவர்களுக்காக நாங்கள் சபைகளுக்குச் சென்று காணிக்கை கேட்கும்போது, பெரியவர்கள் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, ஆம்புலன்சில் ஆளைத் தூக்கி வைக்க ஒரு பட்டம் வேண்டுமா?" நியாயமான கேள்வி. கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன் உவமையை நாம் எல்லாரும் சிறு வயது முதல் அறிவோம். அவன் செய்தவற்றின் வரிசையைக் கவனித்தோமா? அவன் அடிபட்டவனை உடனே வாகனத்தில் தூக்கிப் போடவில்லை. வழியிலேயே மண்டியிட்டு, எண்ணெயும் திராட்சரசமும் இட்டுக் காயங்களைக் கட்டினான். அதன் பிறகே ஏற்றினான். அதன் பிறகே சத்திரம்.

நம் சாலைகளில் நடப்பது என்ன? விபத்து நடந்ததும் நாலு பேர் ஓடி வருகிறார்கள். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்து அனுப்புகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் கழுத்தெலும்பு முறிந்தவனை அப்படித் தூக்கினால் தண்டுவடம் அறுந்து, அவன் ஆயுள் முழுதும் படுக்கையில் கிடக்க நேரிடலாம். பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுகக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். விஷத்தோடு, கட்டும் சேர்ந்து காலைக் கெடுக்கிறது. காலை அசையாமல் வைத்து, பயத்தைத் தணித்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைவதே சரியான உதவி.

2008-ல் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். குறுகிய காலப் பயிற்சியோடு அதில் உழைத்தவர்கள் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறார்கள். இப்போது பிளஸ் டூ-வில் அறிவியல் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற படிப்பு இருக்கிறது. மூன்று ஆண்டு படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி.

முதலில் உடற்கூறும், உடல் இயங்கும் விதமும், மருந்துகளும் கற்கிறார்கள். பிறகு அடைபட்ட மூச்சுக்குழாயைத் திறக்கவும், இ.சி.ஜி. தாளில் மாரடைப்பைக் கண்டுகொள்ளவும், முறிந்த எலும்பை அசையாமல் கட்டவும் பழகுகிறார்கள். இருதயம் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். நாடி நின்ற சில நிமிடங்களில் மூளை கெடத் தொடங்குவதால், புத்தகத்தைப் புரட்ட நேரம் இராது. கை தானாகச் செய்யும்வரை பொம்மையின் மேல் பழகுகிறார்கள். பேருந்து கவிழ்ந்து இருபது பேர் கிடந்தால் யாரை முதலில் ஏற்றுவது என்பதையும் கற்கிறார்கள். உரக்க அலறுகிறவரைவிட, சத்தமின்றிக் கிடப்பவர் ஆபத்தில் இருக்கலாம். ஆட்களைத் தூக்க மட்டும் இவ்வளவு தேவையில்லை. காயம் கட்டிய பிறகு தூக்க இவ்வளவும் தேவை.

தமிழ் வழியில் படித்த ஏழைப் பிள்ளைகளால் இதெல்லாம் முடியுமா என்றும் கேட்கிறார்கள். 1967-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் பணி தொடங்கிற்று. அதுவரை அங்கே போலீஸ் வண்டிகளே நோயாளிகளை ஏற்றிச் சென்றன. வேலையில்லாதிருந்த கறுப்பின இளைஞர்கள் அந்தப் பணியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களும் இருந்தார்கள். டாக்டர் பீட்டர் சாஃபர் வகுத்த சுமார் 300 மணி நேரப் பயிற்சியைப் பெற்று, அந்த நாட்டின் முதல் பாராமெடிக்குகளுள் அவர்களும் ஆனார்கள். உலகம் தள்ளிவிட்டவர்களைக் கொண்டு தேவன் காரியம் செய்வது நமக்குப் புதிதல்ல.

இப்பிள்ளைகள் சுமக்கும் பாரமும் பெரிது. பத்தொன்பது வயதில் ஒரு உயிர் தங்கள் கைகளுக்குக் கீழே போவதைப் பார்க்கிறார்கள். அந்த இரவுகளில் சிலர் சிற்றாலயத்துக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் பிரசங்கம் செய்வதில்லை. கூட உட்காருகிறோம், காப்பி கொடுக்கிறோம், அவர்கள் கேட்டால் ஜெபிக்கிறோம். மறுநாள் காலை அவர்கள் மறுபடி வேலைக்கு நிற்பதைக் காணும்போது எங்கள் விசுவாசம் பெலப்படுகிறது.

2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை சுகாதாரத் தொழில்கள் சட்டம் இவர்களுடைய பணியையும் ஒரு தொழிலாக அங்கீகரித்துள்ளது. ஆனால் அந்தத் தொழிலை எட்டும்வரை நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளே எங்கள் துக்கம். அவர்கள் படிப்பில் தோற்றவர்கள் அல்ல.

பிரியமானவர்களே, சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். அத்தோடு நிறுத்தவில்லை. அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று வாக்குக் கொடுத்தான். நாங்கள் உங்களிடம் கேட்பதும் அந்த வாக்கையே. ஒரு பெரிய தொகையை ஒரு தரம் கொடுப்பதைப் பார்க்கிலும், ஒரு சபையோ ஒரு குடும்பமோ பெண்கள் ஐக்கியமோ ஒரு மாணவரை நான்கு ஆண்டும் தாங்குவதே மேலானது. தொகை சிறிதாயிருக்கலாம். ஆண்டுதோறும் வரட்டும். அவர் பெயரைச் சொல்லி உங்கள் வீட்டு ஜெபத்தில் தாங்குங்கள்.

சாலையோரத்தில் மண்டியிட நம் எல்லாராலும் முடியாது. மண்டியிடுகிறவரை அனுப்ப நம்மால் முடியும். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.