சிறார் நீதிபதிக்கு நாம் சொல்லும் சாட்சி



சிறார் நீதிபதியின் வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நமக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க. பிள்ளை பெற்ற எல்லோருக்கும் சம்பந்தம் உண்டு.

18 வயது நிரம்பாத பிள்ளை ஒரு வழக்கில் மாட்டினால், லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். இது 2015ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் இந்த எண்ணம் நமக்குப் புதுசு இல்லை. 1920லேயே சென்னை மாகாணத்தில் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல்.

குழுமத்தில் மூன்று பேர். ஒருவர் சட்டம் படித்து, தேர்வு எழுதி, குறைந்தது 3 வருஷம் அனுபவம் பெற்ற நீதித்துறை நடுவர். மற்ற இரண்டு பேர் சமூகப் பணியாளர்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கணும். கருத்து மாறுபட்டால் பெரும்பான்மை சொல்வதுதான் முடிவு. அந்த இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னால் நடுவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான். பிள்ளைகளின் படிப்பு, சுகாதாரம், நலனுக்காக 7 வருஷம் உழைத்தவர்களுக்கு அந்த இடம் கிடைக்கலாம். நம்ம வீட்டுப் பொண்ணுங்களும் நாளைக்கு அங்கே உட்காரலாம்.

அங்கே உயரமான மேடை இல்லை, சாட்சிக் கூண்டு இல்லை. பிள்ளை பயப்படாமல் பேச வேண்டும் என்பதற்காக அப்படி. அறிவுரை சொல்லி அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோர் பொறுப்பில் விடலாம், சிறப்பு இல்லத்துக்கும் அனுப்பலாம். 16 வயது தாண்டிய பிள்ளை மிகக் கொடிய குற்றத்தில் மாட்டினால் மட்டும் வேறு விசாரணை வரலாம்.

முடிவு எடுக்கும் முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் குழுமம் பார்க்கும். அவர் ஊருக்கு வந்து விசாரிப்பார். ஆத்துல தண்ணி வராத வருஷம் குறுவை போச்சு, அப்பா திருப்பூர் போனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போனாள், பையன் பள்ளிக்கூடம் நின்றான். இதெல்லாம் போலீஸ் எழுதும் முதல் தகவல் அறிக்கையில் இருக்காது. நாம சொன்னால்தான் தெரியும். அப்போது "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்போமா? "நமக்கெதுக்கு வம்பு" என்று கதவைச் சாத்துவோமா? நாம் வாசலில் நின்று சொல்லும் சொல் நீதிபதியின் மேசைக்குப் போகிறது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வட்டிக்கு வாங்கி வக்கீல் வைக்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100க்கு போன் பண்ணுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரையும் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அது குற்றம்.

பள்ளிக்கூடம் நின்ற பிள்ளை நம்ம தெருவில் யார் என்று மாதக் கூட்டத்தில் கேட்போம். தீர்மான நோட்டில் எழுதி, திரும்பச் சேர்த்துவிடுவோம். அந்தப் பிள்ளை குழுமத்தின் வாசலுக்கே போக வேண்டி இருக்காது.