காலி சென்ட் பாட்டிலும் கைவேலையும்



வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் தயவில் நம் வல்லத்திலும் பல வீட்டு அலமாரிகளில் காலி சென்ட் பாட்டில்கள் நிற்கின்றன. தூக்கிப்போட மனம் வருவதில்லை, அவ்வளவு அழகு. அந்த அழகு எப்படி வந்தது என்று தெரிந்தால், அதில் எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதும் தெரியும்.

பாரீசில் 1908 வாக்கில் வாசனைத் திரவிய வியாபாரி பிரான்சுவா கோட்டி, நகைக் கலைஞர் ரெனே லாலிக்கிடம் பாட்டில் வடிவமைக்கச் சொன்னார். சரக்கோடு பாட்டிலும் விலைபோகத் தொடங்கியது. இன்று நம் நாட்டிலேயே, குஜராத்தின் கோசம்பாவிலும் ஜம்பூசரிலும், முன்பு பிரமல் கிளாஸ் எனப்பட்ட பி.ஜி.பி. கிளாஸ் இவ்வகைப் பாட்டில்களைச் செய்கிறது.

அலங்கார வேலைகளில் முக்கியமானவை நான்கு.

ஒன்று, நிறம். கோபால்ட் சேர்த்து உருக்கிய நீலக் கண்ணாடிக்கு உடம்பெல்லாம் நிறம். பல பாட்டில்களில் நிறம் மேலே தெளித்துச் சூடேற்றிய பூச்சுதான், நாளடைவில் உரியலாம்.

இரண்டு, எழுத்து. துணிப்பையில் அடிக்கிறார்களே, அதே ஸ்கிரீன் பிரிண்டிங். கண்ணாடித்தூள் கலந்த மை என்றால் சுமார் 600 டிகிரியில் சுட்டு கண்ணாடியோடு ஒன்றாக்குவார்கள், கழுவினாலும் போகாது.

மூன்று, தங்க வரி. கல்யாணப் பத்திரிகையில் தங்க எழுத்து பதிப்பதுபோல, மெல்லிய தாளைச் சூட்டோடு அழுத்துவது ஒரு முறை.

நான்கு, பனி படர்ந்தது போன்ற மங்கல். காற்றழுத்தத்தில் மணல்போன்ற துகளைப் பீய்ச்சியோ, ஃப்ளோரைடு அமிலக் கரைசலில் முக்கியோ செய்வார்கள்.

இந்த நான்காவதில்தான் எச்சரிக்கை வேண்டும். கண்ணாடியை மங்கலாக்கும் ‘எட்சிங் கிரீம்’ ஆன்லைனில் விற்கிறது. இவற்றில் ஃப்ளோரைடு உப்புகள் இருக்கும். பட்டவுடன் எரியாமலும் இருக்கலாம். ஆனால் தோலுக்குள் இறங்கி, உடம்பின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. தப்பித்தவறிப் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, அந்த டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அதற்குப் பதில் பெயிண்ட் கடை ‘வாட்டர் பேப்பர்’ போதும். தண்ணீர் விட்டுக்கொண்டே தேயுங்கள். தூசி பறக்காது, மங்கல் வரும். மிச்ச சென்ட்டில் ஆல்கஹால் உண்டு. அடுப்பு, விளக்குப் பக்கம் கொட்டாதீர்கள். ஸ்பிரே மூடியைக் கத்தியால் நெம்பாதீர்கள்.

பாட்டில் ஓசியில் வந்ததுதான். கை அப்படியல்ல.