இரண்டு நாற்காலிகள், ஒரு கையெழுத்து



அண்மையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். “தம்பி, 2002-ல் ரணிலும் பிரபாகரனும் கையெழுத்துப் போட்டாங்களே, அப்புறம் ஏன் எல்லாம் கவிழ்ந்து போச்சு?” என்று கேட்டார்.

புலிகளும் 2003 ஏப்ரலில் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொழும்பிலேயே ஒரு விரிசல் இருந்தது. நம்மில் பலர் அதை மறந்துவிட்டோம்.

நம் நாட்டில் நாடாளுமன்றப் பெரும்பான்மை யாரிடமோ அவரே பிரதமர். இலங்கையில் 1978 அரசியலமைப்பின்படி அதிபரை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நாடாளுமன்றத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2001 டிசம்பரில் ரணில் கூட்டணி தேர்தலில் வென்றது. அதிபர் நாற்காலியில் எதிர்முகாமின் சந்திரிகா தொடர்ந்தார். 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த உடன்பாட்டில் அவருடைய கையெழுத்து இல்லை.

கிள்ளான் வாசிகளுக்கு இதன் சாயல் தெரியும். 2008-க்குப் பிறகு சிலாங்கூர் ஒரு கூட்டணியிடமும் கூட்டரசு இன்னொரு கூட்டணியிடமும் இருந்தபோது, தண்ணீர்த் துறை பேரம் எத்தனை ஆண்டு இழுத்தது! அங்கே இழுபட்டது தண்ணீர் அல்ல, உயிர்.

சந்திரிகா மூன்றாம் முறை போட்டியிட முடியாது. ஆனால் அவர் கட்சிக்கு அந்த நாற்காலி வேண்டும். சமாதானம் வென்றால் அடுத்த அதிபர் தேர்தலில் அது ரணிலின் முதலீடு. 2003 அக்டோபர் இறுதியில் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபை யோசனையை முன்வைத்தார்கள். நவம்பர் 4 அன்று, ரணில் அமெரிக்காவில் இருந்தபோது, பாதுகாப்பு, உள்துறை, தகவல் ஆகிய 3 அமைச்சுகளையும் சந்திரிகா தன் கைக்கு எடுத்துக்கொண்டார். 2004 பிப்ரவரியில் நாடாளுமன்றமே கலைந்தது. ஏப்ரல் தேர்தலில், ஜே.வி.பி.யுடன் சேர்ந்த அவர் கூட்டணி 105 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது.

சரி, இப்போது இரண்டு நாற்காலியும் அவரிடம். சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணிக்காக, 2005 ஜூனில் புலிகளோடு அவரே ஓர் உடன்பாடு செய்தார். அதை எதிர்த்து ஜே.வி.பி. அரசிலிருந்து விலகியது. உச்ச நீதிமன்றம் முக்கியப் பகுதிகளை நிறுத்திவைத்தது. தான் ரணிலுக்குக் கொடுக்காத இடம் அவருக்கும் கிடைக்கவில்லை.

அந்த நவம்பரில் மகிந்த ராஜபக்ச 50.29 விழுக்காடு பெற்று அதிபரானார். ரணிலுக்கு 48.43. வடக்கில் புலிகள் வாக்களிப்பைப் புறக்கணிக்கச் செய்ததும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

அமெரிக்காவிலும் இப்படி நடப்பதுண்டு. 1994-இல் கிளிண்டன் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் எதிர்க்கட்சியிடம் இழந்தார். அடுத்து நடந்த வரவுசெலவுச் சண்டையில் அரசு அலுவலகங்களே மூடப்பட்டன. ஆனாலும் 1996 ஆகஸ்டில் எதிர்க்கட்சி கொண்டுவந்த சமூகநலச் சீர்திருத்தச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார், நவம்பரில் மறுபடி வென்றார். அங்கே அதிபரால் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது. அவர் கையெழுத்தில்லாமல் சட்டம் இயற்றுவது அவர்களுக்கும் எளிதல்ல. ஒத்துப்போனால்தான் மக்களிடம் காட்ட இருவருக்கும் ஏதாவது மிஞ்சும். இலங்கையிலோ, தேர்தல் முடிந்து ஓராண்டு கழிந்தால் அதிபர் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிடலாம் என்று அன்று சட்டம் இருந்தது. பேசுவதைவிடக் காத்திருப்பது லாபம் என்றால் யார் பேசுவார்?

2015-இல் சிறிசேன, ரணில் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை 2017 வரை வந்தது. 2018 அக்டோபர் 26 அன்று சிறிசேன ரணிலை நீக்கினார். டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ரணில் திரும்பினார், ஆனால் அரசியலமைப்புப் பணி திரும்பவில்லை. 2019 தேர்தலில் சிறிசேன போட்டியிடவே இல்லை.

2024-இல் அனுர குமார திசாநாயக்க அதிபரானார். அவர் கூட்டணிக்கு 225-இல் 159 இடங்கள். 2005-இல் அரசிலிருந்து வெளியேறிய அதே ஜே.வி.பி.யின் தலைவர் அவர். அடுத்த நாற்காலியில் தடுப்பவர் யாருமில்லை. பிரிக்பீல்ட்ஸ் பெரியவரிடம் இதைச் சொன்னேன். “அப்போ இனிமே சாக்குச் சொல்ல முடியாதே” என்றார்.